சொல்லாமல் போன கால்

மார்ச் 4

தம்பிக்கு,

போன் செய்து செய்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். நேற்று உன் பொண்டாட்டி எடுத்து, "அவர் தூங்குறாரு அண்ணி" என்றாள். பின்னால் நீ இருமுவது கேட்டது. தூங்குகிறவன் இருமலாம், சரி. "யாரு, அவளா?" என்று கேட்பானா? அதனால்தான் எழுதுகிறேன். நீ இதைக் கிழித்துப் போடலாம். ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

கை எப்படி இருக்கிறது? முதலில் அதைச் சொல்.

அன்று என்ன நடந்தது என்று நீ என்னிடம் கேட்கவே இல்லை. கையில் ரத்தம் சொட்ட, கண்ணாடி கேட்டிருந்த சலூன்காரர், முடி வெட்ட வந்தவர்கள், தெருவில் போனவர்கள் என்று எல்லார் முன்னாலும் "வேணும்னே விட்டுட்டா" என்றாய். முந்தின நாள் நமக்குள் சண்டை நடந்தது உண்மை. கண்ணாடியில் என் பக்கத்தைத் தூக்க ஒரு தடியனை வைக்கிறேன், நீ போய்க் கல்லாவில் உட்கார் என்று நீ சொன்னாய். அப்பா கண்ணாடிக் கடையை உனக்கு மட்டுமா எழுதிவைத்தார் என்று நான் கேட்டேன். அதற்காக ஆளுயர நிலைக்கண்ணாடியை உன் மேல் தள்ளிவிடுவேனா? பழிவாங்க எனக்கு வாய் இருக்கும்போது கண்ணாடி எதற்கு?

கண்ணாடியின் மேல்முனையைப் பிடித்து நான் பின்பக்கமாகச் சலூன் படி ஏறிக்கொண்டிருந்தேன். நீ கீழ்முனையைப் பிடித்து, "ஏறு, ஏறு, இன்னும் ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். அந்த இன்னும் ஒன்றுக்குக் காலைத் தூக்கினேன். கால் வரவில்லை. வழுக்கவில்லை, இடறவில்லை, கால் இருந்த இடத்தில் கால் இல்லை. "நில்லு" என்றுகூட நான் கத்தவில்லை என்று ஊரிடம் சொன்னாய். கால் என்னிடம் சொல்லிவிட்டா போனது, நான் உன்னிடம் சொல்ல?

ஊரை விட்டு வந்து, இங்கே படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். உட்கார்ந்து கண்ணாடி அறுக்கிற வேலை. கடைக்காரர் பேசவே மாட்டார். உன்னோடு இத்தனை வருடம் வேலை செய்த எனக்கு அது பெரிய நிம்மதி.

அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறது என்று சிரிக்காதே. இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் தையல் பிரித்துவிட்டார்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. நரம்பு அறுந்திருக்கிறது, மடங்கலாம், மடங்காமலும் போகலாம் என்கிறார் டாக்டர். உன் கேள்விக்குப் பதில் போதுமா?

காலைக் காணோமாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உனக்கு முதுகுவலி, கால்வலி என்று ஒரு நாளாவது சொன்னதுண்டா? காலையில் சுமை தூக்குகிற அகலப் பெல்ட்டை இறுக்கிக் கட்டி, ஷூ கயிற்றை முடிச்சுப் போட்டு, "யாருடா என் கூடத் தூக்க வர்றது?" என்று ஆம்பளைகளிடம் சவால் விட்டவள் நீ. அப்படிப்பட்டவளுக்கு, நான் கல்லாவில் உட்கார் என்று சொன்ன மறுநாள் பார்த்துக் கால் போய்விட்டது. அந்தக் காலுக்கும் காது கேட்கும்போல.

கடையை மூடி வைத்திருக்கிறேன். ஒற்றைக் கையால் என்னத்தைத் தூக்குவது? உன் பெயரைச் சொன்னாலே எனக்கு இருமல்தான் வருகிறது. நீ நிம்மதியாக இரு. அதற்குத்தானே போனாய்.

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

இதை ஆஸ்பத்திரியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, அட்டையை வயிற்றில் வைத்து எழுதுகிறேன். இப்போது என் எழுத்தும் உன் எழுத்தும் ஒரே லட்சணம்.

போன வாரம் கண்ணாடி அறுக்கிற மேசையிலேயே சாய்ந்துவிட்டேன். சாயங்காலமானால் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. அலுப்பு என்று நினைத்தேன். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டுப் போட்டு இறுக்கினேன், இந்த வயதில் இடுப்பு சிறுத்துவிட்டதே என்று பெருமை வேறு. பேசாத கடைக்காரர் அன்றைக்குப் பேசினார். "முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்று சொல்லி அவரே கொண்டுவந்து சேர்த்தார்.

எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்து, முதுகில் ஊசி விட்டுச் சதையும் எடுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்பில் காசநோயாம். நடு முதுகில் இரண்டு எலும்பு கரையான் தின்ற கட்டைபோல உளுத்துப்போய், ஒன்றன்மேல் ஒன்று அமுங்கி, பக்கத்தில் சீழ் கட்டியிருக்கிறது. அது கால்களுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது. அன்றைக்குப் படியில் கால் காணாமல் போனது அதனால்தான். உன்மேல் எனக்கிருந்த கோபத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டரம்மா எழுதிக்கூடத் தருவார்.

"இவ்வளவு நாள் எப்படிம்மா நின்னீங்க?" என்று கேட்டார். பெல்ட்டைக் காட்டினேன். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்களைத் தாங்கினதும் இதுதான், காட்டிக்கொடுக்காம கெடுத்ததும் இதுதான்" என்றார். முதுகில் எலும்பு புடைத்திருப்பதைப் பெல்ட் மறைத்துவிட்டது. "நடக்கறப்போ செருப்பு கழண்டது தெரியாமப் போயிருக்குமே?" என்று அடுத்த கேள்வி. விடிந்தால் அடைந்தால் கயிறு கட்டிய ஷூவில் நிற்கிறவளுக்குச் செருப்பு ஏது, கழல்வது ஏது? பாதத்தில் குண்டூசியால் குத்தினார். குத்தினது, அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு இருமலே கிடையாதே என்றேன். எந்த எலும்பிலும், எந்த மூட்டிலும் வருமாம். என் நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, என்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. ஆனால் எனக்கு எங்கிருந்தோ வந்திருக்கிறது. அதனால் நீ, உன் பொண்டாட்டி, பிள்ளை மூன்று பேரும் போய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

அக்கா

ஏப்ரல் 7

அக்கா,

கடிதத்தை நான் படித்துவிட்டு என் பொண்டாட்டியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "அண்ணியப் போய் என்னென்ன பேசினீங்க" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் எனக்குத் தட்டு வைக்கிற சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்கிறது.

சரி, நடந்தது நடந்துவிட்டது. மாத்திரை தருகிறார்களா? தின்று குணமாக்கிக்கொண்டு ஊருக்கு வா. கடையில் உனக்கு நல்ல மெத்தை வைத்த நாற்காலி ஒன்று போடுகிறேன். கல்லாவையும் கணக்கையும் நீ பார்த்துக்கொள். தூக்குவதற்கு ஆள் பார்த்துவிட்டேன். நான் முதலிலேயே சொன்னதுதானே, நீதான் கேட்கவில்லை.

பரிசோதனைக்கெல்லாம் எங்களுக்கு அவசியமில்லை. நாங்கள் குத்துக்கல் மாதிரி இருக்கிறோம். என் இருமலை நினைத்துச் சொல்கிறாய் என்றால், அது கண்ணாடித் தூள் இருமல். விளிம்பு தேய்க்கிறவன் இருமாமல் பாட்டா பாடுவான்? அப்பாவும் இருமினார், அப்பாவுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரும் இருமினார். இருமாதவன் வேலை செய்யாதவன் என்று நீயே சொல்வாய்.

தம்பி

ஏப்ரல் 12

தம்பிக்கு,

மெத்தை வைத்த நாற்காலியை நீயே வைத்துக்கொள். மல்லாந்து கிடக்கிறவளிடம் "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது?

எனக்கு இங்கே நிலைமை சரியில்லை. மாத்திரை தின்கிறேன், ஒரு வேளை தவறவில்லை. மாத்திரைச் சாயத்தில் சிறுநீர்கூட ஆரஞ்சு நிறமாகப் போகிறது. காய்ச்சல் விட்டுவிட்டது, பசி எடுக்கிறது. ஆனால் கால் நாளுக்கு நாள் மோசமாகிறது. வந்த அன்று இரண்டு முழங்காலையும் மடக்கினேன். இப்போது இடது கால் அசையவே இல்லை, வலது கால் மனசிருந்தால் அசைகிறது. போர்வைக்குள் என் காலா, யாரோ விட்டுவிட்டுப் போன மூட்டையா என்று தெரியவில்லை.

ஆபரேஷன் செய்யவேண்டும் என்கிறார் டாக்டரம்மா. சீழை எடுத்து, உளுத்த எலும்பைச் சுரண்டி, கம்பி வைத்து நிமிர்த்துவார்களாம். நரம்பு ரொம்ப நாள் அழுந்திக் கிடந்தால் பிறகு என்ன செய்தாலும் கால் திரும்பாதாம். "செஞ்சா கண்டிப்பா நடப்பேனா?" என்று கேட்டேன். "கண்டிப்பான்னு சொல்ல மாட்டேன். செய்யலைன்னா நடக்க மாட்டீங்கன்னு மட்டும் சொல்வேன்" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதிர்க்கட்டிலில் ஒருத்தி இருக்கிறாள், வெற்றிலை போடாமலே வாய் சிவக்கப் பேசுவாள். அவளுக்குத் தெரிந்த யாரோ முதுகில் கத்தி வைத்து, இருந்த காலும் போனதாம். மயக்கம் கொடுத்துக் குப்புறப் போட்டு, நான் பார்க்கமுடியாத என் முதுகைத் திறப்பார்கள். எழுந்து பார்த்தால் பாதி ஆள்தான் மிச்சம் என்றால் என்ன செய்வேன்? மாத்திரையே போதும், மெதுவாகக் கேட்கும் என்று இருக்கிறேன்.

இன்னொன்று. வீட்டில் யாராவது வெகுநாளாக இருமுகிறார்களா என்று கேட்டார். என் தம்பி இருமுவான், தூசி இருமல் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், நீ போய்க் காட்டு.

அக்கா

ஏப்ரல் 15

அக்கா,

தபாலில் போட்டால் ஊர் சுற்றிவிட்டு வரும் என்று பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அவரிடமே பதில் கொடு. போனில் பேசலாம் என்றால் ஆபரேஷன் என்கிற வார்த்தையைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். முன்பு நான் செய்ததை இப்போது நீ செய்கிறாய், பேஷ்.

வார்டு நம்பருக்குப் பேசி டாக்டரம்மாவைப் பிடித்தேன். என்ன அக்கா, மெதுவாகக் கேட்குமாம், இருந்து பார்க்கிறாளாம்! அவர் சொன்னது உனக்குப் புரியவில்லையா, புரியாத மாதிரி இருக்கிறாயா? வியாழக்கிழமை ஆபரேஷன் தியேட்டரில் இடம் வைத்திருக்கிறார். அதை விட்டால் அடுத்து எப்போது என்று அவருக்கே தெரியவில்லை. "உங்க அக்கா கால் என் கையை விட்டுப் போயிட்டிருக்கு" என்று அவர் சொன்னதும்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விரிசல் விட்ட கண்ணாடியை நீ என்றைக்காவது ஒரு ராத்திரி சட்டத்தில் விட்டுவைத்ததுண்டா? வாடிக்கையாளர் "இருக்கட்டும், பார்த்துக்கலாம்" என்றால்கூட, "அது பார்த்துக்கிட்டு இருக்காது" என்று சொல்லி அப்போதே கழற்றுவாய். எதிர்க்கட்டில்காரிக்கு என்ன தெரியும்? அவளுக்குத் தெரிந்த அந்த யாரோ எந்த ஊர், என்ன வியாதி என்று கேள், திருதிருவென்று முழிப்பாள்.

உனக்குப் பயமாக இருக்கிறது. அதைச் சொல்லேன். நான் புதன்கிழமையே வருகிறேன். நீ வேண்டாம் என்றாலும் வருவேன்.

பரிசோதனைக்கும் போய்விட்டு வந்தோம், உன் வாய்க்குப் பயந்துதான். சளி கொடுத்திருக்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 16

தம்பி,

கண்டக்டர் நிற்கிறார். சுருக்கமாக எழுதுகிறேன்.

பயமாகத்தான் இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது. வலது காலும் இன்று காலையிலிருந்து அசையவில்லை.

நீ வந்து பக்கத்தில் நின்றால் கையெழுத்துப் போடுகிறேன். நீ நிற்கவில்லை என்றால் போடமாட்டேன். யாரோ தள்ளிக்கொண்டுபோக, யாரோ கதவைச் சாத்த, ஆளில்லாதவள் மாதிரி உள்ளே போகமாட்டேன். டாக்டரம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "என் தம்பி வருவான், வந்ததும் பண்ணுங்க" என்றேன்.

சீக்கிரம் வா.

அக்கா

ஏப்ரல் 17

அக்கா,

இந்தக் கடிதத்தை என் பொண்டாட்டி கொண்டுவந்து உன் கையில் கொடுப்பாள். அவள் வந்து நிற்பதைப் பார்த்ததுமே கோபப்படாதே. கடைசிவரை படி.

நேற்று சளிப் பரிசோதனை முடிவு வந்தது. எனக்கும் காசநோய்தான். எனக்கு நுரையீரலில். நிறைய இருக்கிறதாம். இருமினால் மற்றவர்களுக்குப் பரவுகிற வகை. மாத்திரை தொடங்கிவிட்டார்கள். நான் இனிமேல் பரப்பமாட்டேன் என்று அவர்கள் சொல்லும்வரை பஸ்ஸில் ஏறக்கூடாது, ஆள் கூடுகிற இடத்துக்குப் போகக்கூடாது. ஆஸ்பத்திரி வார்டுக்கு வரவே கூடாது. நான் கெஞ்சிப் பார்த்தேன். முகத்தை மூடிக்கொண்டு வாசலில் நிற்கிறேன் என்றேன். அங்கே நோயாளிகள் படுத்திருக்கிறார்கள், ஒருத்திக்காக இருபது பேருக்குக் கொடுக்கப்போகிறீர்களா என்று கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன். என் பொண்டாட்டிக்கு ஒன்றுமில்லை. பிள்ளைக்கு வராமலிருக்க மாத்திரை தருகிறார்கள்.

எனக்கு ஒரே நினைப்பாக இருக்கிறது. நாள் முழுக்க ஒரு கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நான், அந்தப்பக்கம் நீ. பட்டறை ஜன்னலைத் திறந்தால் தூசி வந்து கண்ணாடியில் ஒட்டும் என்று சாத்தியே வைத்திருப்போம். தூள் இருமல், தூள் இருமல் என்று உன் முகத்துக்கு நேரே இருமித் தள்ளினேன். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று யாராலும் சொல்லமுடியாது என்றுதான் இங்கே சொல்கிறார்கள். அவர்கள் சொல்லவேண்டாம். என் கையை நீ வெட்டிவிட்டாய் என்று ஊரைக் கூட்டினேனே, உன் முதுகை நான் என்ன செய்து வைத்திருக்கிறேன், பார்.

என்னைத் திட்டு, என் முகத்தில் முழிக்காதே, கடையை நீயே எடுத்துக்கொள். ஆனால் கையெழுத்தைப் போட்டுவிடு அக்கா. நான் வராததற்காகக் காலை விட்டுவிடாதே. எனக்காக அவள் நிற்பாள்.

தம்பி

ஏப்ரல் 25

அக்கா,

நீ கையெழுத்துப் போட்டதையும், உள்ளே பாதி நாள் இருந்ததையும், உயிரோடு வெளியே வந்ததையும் அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆபரேஷன் நன்றாக நடந்தது என்கிறாள். கால் பற்றிக் கேட்டால், "பார்க்கலாம்னு சொல்றாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

உன்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னால், நீ முகத்தைத் திருப்பிக்கொள்கிறாயாம். என் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையணைக்கடியில் வைத்தாய், ஒன்றும் சொல்லவில்லையாம். நீ திட்டினால்கூட எனக்குப் பழக்கம் இருக்கிறது. பேசாமல் இருந்தால் நான் என்ன செய்வேன்? அவள் போனதிலிருந்து பிள்ளை பக்கத்து வீட்டில் இருக்கிறது, நான் மாடியறையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறேன். மாத்திரையை விளக்கெண்ணெய் மாதிரி விழுங்குகிறேன், குமட்டுகிறது. இது எதற்கு, உனக்குக் கால் வராவிட்டால் எனக்கு நுரையீரல் எதற்கு என்றுகூட ஒரு நாள் நினைத்துவிட்டேன்.

ஒரு வரி எழுது. "போடா" என்று மட்டும் எழுதினாலும் போதும்.

தம்பி

மே 6

தம்பிக்கு,

போடா.

கேட்டாய் அல்லவா, கொடுத்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன்மேல் கோபத்தில் பேசாமல் இருந்தேன் என்று நீயாக முடிவு கட்டிக்கொண்டாய். என்னைப் பற்றி நீயாக முடிவு கட்டுவதை எப்போது விடப்போகிறாயோ தெரியவில்லை. ஆபரேஷன் முடிந்து தினமும் காலையில் டாக்டரம்மா வந்து "காலை அசைங்க" என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அசைப்பேன். ஒன்றும் அசையாது. குண்டூசி குத்துவார், ஒன்றும் தெரியாது. உன்னிடம் போனில் வந்து நான் என்ன சொல்வது? "வரலைடா" என்று சொன்னால் மாடியறையில் தனியாக இருக்கிறவன் என்ன செய்துகொள்வாய் என்று எனக்குப் பயம். பொய் சொன்னால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய். அதனால் வாயைத் திறக்கவில்லை.

நீ எனக்குக் கொடுத்தாய், நான் உனக்குக் கொடுத்தேன் என்ற பஞ்சாயத்தெல்லாம் வேண்டாம். மூடிய ஜன்னலுக்குள் இரண்டு பேரும்தான் மூச்சுவிட்டோம், சாத்தச் சொன்னதே நான்தான். நீ மாத்திரையை விட்டாய் என்று கேள்விப்பட்டால் மட்டும் தவழ்ந்தாவது வந்து உதைப்பேன். "நுரையீரல் எதற்கு" என்று எழுதினாயே, அந்த வரியை இன்னொரு தடவை நினைக்காதே. உன் பிள்ளைக்கு அப்பன் வேண்டும். எனக்கும் சண்டை போட ஓர் ஆள் வேண்டும்.

உன் பொண்டாட்டியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கதவு சாத்தும்வரை என் கையை விடவில்லை. உள்ளே இருந்தவர்கள் விடச்சொல்லி அதட்டினார்கள், அவள் திருப்பி அதட்டினாள். இத்தனை வருடம் அவளுக்கு வாயே இல்லை என்று நினைத்திருந்தோம். நீ செய்த நல்ல காரியம் அவளைக் கட்டினதுதான்.

இப்போது நான் எழுத உட்கார்ந்ததன் காரணத்தைக் கேள். ஆமாம், உட்கார்ந்துதான் எழுதுகிறேன். முதுகுக்குக் கவசம் மாட்டித் தலையணையில் சாய்த்திருக்கிறார்கள். எதிர்க்கட்டில்காரி நேற்று பிஸ்கட் தின்று கட்டிலெல்லாம் தூளாக்கியிருந்தாள், எறும்பு வந்துவிட்டது. இன்று விடியற்காலையில் நல்ல தூக்கம். திடீரென்று "ஐயோ" என்று கத்திக்கொண்டு எழுந்தேன். நர்ஸ் ஓடிவந்தாள். எதிர்க்கட்டில்காரி கம்பி கழன்றுவிட்டது என்று ஒப்பாரியே வைத்துவிட்டாள். "எங்கேம்மா, முதுகா?" என்று கேட்டாள் நர்ஸ். நான் காலைக் காட்டினேன். போர்வையை விலக்கினால், இடது கால் பெருவிரலில் கட்டெறும்பு ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறது.

நர்ஸ் அதைத் தட்டிவிடக் கையைக் கொண்டுபோனாள். "இருங்க, இருங்க, டாக்டரம்மா வந்து பார்க்கட்டும்" என்று நான் தடுத்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் அழுதேன். இன்னும் விரல் வீங்கிப்போய் நெருப்பாக எரிகிறது.

வலிக்குதுடா தம்பி. நல்லா வலிக்குது.

அக்கா